சேராத ஸலாம்

மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களை நான் அருகிலிருந்து கண்டது ஒரே ஒரு முறைதான். ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூட இராது. ஆயினும் அந்தச் சில நிமிடங்களில் செய்யத் தவறிய ஒரு காரியம் இன்றளவும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது.

1988ஆம் ஆண்டு, ரபீயுல் அவ்வல் மாதம். எங்கள் அவனியாபுரம் அன்று மதுரை மாநகராட்சியில் சேர்ந்திருக்கவில்லை. அது 2011இல் நேர்ந்தது. தைப் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டால் வெளியூரார் அறிந்த ஊர். மற்ற நாட்களில் வயலும் கண்மாயும், எப்போதாவது தாழ்ந்து பறக்கும் விமானமும்தான். அங்கே எங்கள் அத்தா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எழுத்தறியாதவர், வாடகைக் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைப்பார். ஆணியில் தொங்கும் டிரான்சிஸ்டரில், இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் ஹனீபா அவர்களின் குரல் எழுந்துவிட்டால், பஞ்சர் ஒட்டும் கை அப்படியே நின்றுவிடும். நபிமார்களின் சரிதையாகட்டும், நாயகத் தோழர்களின் தியாகமாகட்டும், அவர் அறிந்ததில் பெரும்பகுதி அந்தக் குரல் வழியே வந்தது. நம் குடும்பங்களில் அப்படி மார்க்கம் அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நானோ வடாற்காட்டுப் பக்கம் ஓர் அரபி மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். நஹ்வும் ஸர்பும் சற்றே தலைக்கேறியிருந்த வயது, பதினெட்டு. “மார்க்கத்தைக் கிதாபில் அல்லவா படிக்க வேண்டும்? ரேடியோவிலா?” என்று அத்தாவிடமே கேட்டிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. “நீ படிச்சு முடிச்சு வந்து சொல்லு தம்பி. அதுவரைக்கும் அவரு சொல்லிக்கிட்டிருக்கட்டும்” என்றார்.

அவ்வாண்டு மீலாது விழாவுக்கு ஹனீபா அவர்களின் கச்சேரி ஏற்பாடாயிற்று. அத்தாவோ காலில் அடிபட்டுக் கட்டிலில் கிடந்தார். புறப்படும்போது என் கையைப் பிடித்து, “அவருக்கு என் ஸலாமைச் சொல்லிரு. சைக்கிள் கடைக்காரர் சொல்லச் சொன்னாருன்னு சொல்லு” என்றார். “சரி அத்தா” என்று ஒப்புக்கொண்டேன்.

மேடைக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் ஹனீபா அவர்கள் அமர்ந்திருந்தார்கள். 1925இல் பிறந்தவர்கள், அறுபதைத் தாண்டிய வயது. ஒலிபெருக்கியே வேண்டாத அந்தக் குரல் மீலாது மேடையிலும் கழக மேடையிலும் மட்டுமா ஒலித்தது? 1961இல் ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு இணைந்து ஒலித்ததும் அதே குரல்தான். அத்தகையவருக்குத் தேநீர் கொடுக்கும் பணி, மத்ரஸா மாணவன் என்பதால் எனக்கு வாய்த்தது. ஸலாம் சொன்னேன். முழுமையாகப் பதில் ஸலாம் சொல்லி, சற்று நகர்ந்து, திண்ணையில் உட்காரும்படி இடம் காட்டினார்கள்.

அத்தாவின் ஸலாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என்னோடு ஓதும் நண்பன் ஒருவன் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ‘பாடகரிடம் போய்ப் பல்லிளிக்கிறான், இவன் தகப்பன் சைக்கிள் கடைக்காரன்’ என்று அவன் மத்ரஸாவில் சொல்வானே என்ற எண்ணம் குறுக்கே பாய்ந்தது. உட்காரவுமில்லை. காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த நண்பன் என்னைக் கவனிக்கவே இல்லை என்பது பின்னர் தெரிந்தது.

நள்ளிரவில் வீடு திரும்பினேன். வயல்வெளி தாண்டி வந்த பாட்டைக் கேட்டபடி அத்தா விழித்திருந்தார்.

“சொன்னியா?”

“சொன்னேன் அத்தா.”

“என்ன சொன்னாரு?”

“வஅலைக்க வஅலைஹிஸ் ஸலாம் என்றார்.”

பொய்யைக்கூட இலக்கணப் பிழையின்றிச் சொன்னேன்! அதன் பொருளைக் கேட்டார். “உனக்கும் ஸலாம், சொல்லி அனுப்பியவருக்கும் ஸலாம்” என்றேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். அதன்பின் சைக்கிள் எடுக்க வருவோரிடமெல்லாம், “ஹனீபா எனக்குப் பதில் ஸலாம் அனுப்பினாரு” என்று சொல்லலானார்.

சில மாதங்களில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘அல் அத்கார்’ நூலைப் புரட்டும்போது அந்த இடம் கண்ணில் பட்டது. பிறர் சொல்லி அனுப்பும் ஸலாம் ஓர் அமானத்து. அதை உரியவரிடம் சேர்ப்பது கடமை. ஜிப்ரீல் (அலை) வழியே கதீஜா நாயகியாருக்கு வந்த ஸலாத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்ப்பித்த ஹதீஸை இன்று மக்தபில் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அவ்விடத்தில் என் குரல் தாழும். பிள்ளைகள் அதை பக்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு தபால் அட்டை அன்று பதினைந்து காசு. எழுதியிருக்கலாம். எழுதினால் உண்மையான பதில் வரக்கூடும். அத்தா பொத்தி வைத்திருந்த பதில் என் கைச்சரக்கு என்பது வெளிப்பட்டுவிடும். 1996இல் அத்தா மவுத்தானார். அதன் பிறகு அந்த அச்சமும் இல்லை. ஆனாலும் எழுதவில்லை. இதற்குச் சொல்லக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் ஹனீபா அவர்கள் காலமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாகூரில் நல்லடக்கம் நடந்தது. நான் அங்கே சென்றது அடுத்த ஆண்டு. கப்ருவாசிகளுக்குச் சொல்லும் ஸலாத்தைச் சொன்னேன். பிறகு சற்றுக் குனிந்து, அவனியாபுரம் சைக்கிள் கடைக்காரர் தங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார் என்று தமிழிலேயே சொன்னேன். அருகே நின்ற ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதுரைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது, கிளம்பிவிட்டேன்.