பேட்டரிக்கு ஒரு பனியன் துணி!

திருப்பூரிலிருந்து காங்கயம் பஸ் ஏறுங்கள். பனியன் கம்பெனிகள் மறைந்து, கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் வந்துவிடும். வேளாண் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்றாக நிறுவிய தானியங்கி வானிலை நிலையங்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான். கம்பம், சோலார் தகடு, பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி. காவலுக்கு ஆள் கிடையாது!

வில்லன் யார் தெரியுமோ? புழுதி! பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று அதைத் தகட்டில் அப்பும். காக்கா தன் பங்குக்கு முத்திரை குத்தும். சார்ஜ் குறையும். பேட்டரியை அடிக்கடி ஒட்டக் காயவிட்டால் ஆயுசு போச்சு.

ஐப்பசியில் வானம் இருட்டும். மழையை அளக்க வேண்டிய அன்றைக்கே வெயில் இருக்காது. நோஞ்சான் பேட்டரி படுத்துவிடும். விவசாயிக்கு வேண்டிய மழைக்கணக்கும் அதோடு சரி!

வைத்தியம் சுலபம். டெர்மினலுக்குக் கொஞ்சம் வாஸலின், தகட்டுக்கு ஈரமான பனியன் வேஸ்ட். திருப்பூரில் அதற்கா சார் பஞ்சம்? துடைக்க ஒரு கைதான் வேண்டும்!