காலடியில் ஒரு ஓட்டை!

என் சின்னப் பிள்ளைக்குக் கார் என்றாலே ஆகாது என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால், பெரியபாளையம் தாண்டுவதற்குள் "அம்மா, தலை வலிக்குது" என்று ஆரம்பித்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் வாந்தி. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகரச் சொல்வேன். இஞ்சி மொறப்பாவை வாயில் போடுவேன். வெறும் வயிற்றோடும் அழைத்துப் போய்ப் பார்த்தேன், வயிறு நிறைய ஊட்டியும் அழைத்துப் போய்ப் பார்த்தேன். எதற்கும் கேட்கவில்லை. "நீயும் சின்ன வயசுல பஸ்ஸுல இப்படித்தான் எடுப்ப. உன் பிள்ளை வேற எப்படி இருக்கும்?" என்று அம்மா வேறு சொல்லிவிட்டாளா, அதோடு நானும் விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்க வேண்டும். அதே பிள்ளை பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவான்!

எங்கள் கார் 2009-ம் வருஷத்து மாருதி 800. ஒரு கை மாறி எங்களிடம் வந்தது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் இவருடைய சம்பளத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் நாங்கள் இருக்கும் இடம் இரும்புக்கு ஆகாத இடம். கிழக்கே பழவேற்காடு ஏரி. கடல் தண்ணீர் வந்து கலக்கிற உப்பு ஏரி. அந்தப் பக்கத்துக் காற்று மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற கம்பியையே நாலு வருஷத்தில் தின்றுவிடுகிறது. காரை விட்டுவைக்குமா?

போதாக்குறைக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. கார் அதற்குள்ளேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் கால் மிதிக்கும் ரப்பர் விரிப்புகளை எடுத்து வெயிலில் போட்டேன், டெட்டால் விட்டுத் துடைத்தேன், நாற்றம் போகச் சாம்பிராணி கூடப் போட்டேன். காரின் கம்பளத்துக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு விரிப்பு ஒட்டியிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அது தண்ணீரைக் குடித்துவிட்டு, மாதக் கணக்கில் ஈரத் துணி மாதிரி தகட்டின் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறது.

சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி இன்னும் 5 வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். எங்கள் முறை 2024-ல் வந்தது. கையில் இருந்ததோ சீட்டு எடுத்த 20,000. கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்ததால் முதலில் ஒரு பட்டறையில் காட்டினோம். முந்தின வருஷம் அதே கதவுக்கு 4,000 வாங்கிக்கொண்டு பளபளவென்று செய்து கொடுத்த பட்டறைதான். "ஃபுல் பாடி பெயிண்ட் அடிச்சுடலாம் சார், 42,000 ஆகும்" என்றார்கள். இவர் பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

"வித்துடலாமா?" என்று கேட்டார் ராத்திரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதன் பேரில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கர் அண்ணனிடம் போனோம். புளியமரத்தடியில் தகரக் கொட்டகை, அவ்வளவுதான் பட்டறை. வயசானவர். காரைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஃப்ரிஜ்ஜில் ஒட்டுவோமே பொம்மைக் காந்தம், அதைப் பையிலிருந்து எடுத்து, துணியில் சுற்றிக் கதவில் வைத்தார். மேலே ஒட்டியது. அடிப்பக்கம் வைத்தால் பொத்தென்று கீழே விழுந்தது.

"பாரு தங்கச்சி, இங்க தகடே இல்ல. வெறும் பட்டி. துருவை வெட்டாம மேலயே பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிக்கிறான். உள்ள அது பாட்டுக்குத் தின்னுக்கினு போவுது."

எங்கள் 4,000 ரூபாய் அந்தக் காந்தத்தோடு சேர்ந்து கீழே விழுந்தது!

துரு என்பது அழுக்கு மாதிரி மேலே படிவது என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இரும்பே காற்றோடும் தண்ணீரோடும் சேர்ந்து வேறு பொருளாக மாறிவிடுகிறது. மாறும்போது உப்பிப்போய் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. பெயிண்ட் கொப்புளிப்பது அதனால்தான். கொப்புளம் தெரிகிறபோது உள்ளே வேலை எப்போதோ ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். உப்பு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும்.

பிறகு பின் சீட்டுக்கு முன்னால் கம்பளத்தைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். டிங் டிங் என்று கேட்டது, ஓர் இடத்தில் சத்தமே இல்லை. லேசாக அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. கீழே தரை தெரிந்தது, நாலு புளியங்கொட்டை கூடத் தெரிந்தது. அவர் குனிந்து காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பின் சீட்ல யாரும்மா குந்துவாங்க?"

"பசங்கதாண்ணே."

"இந்தப் பக்கம் குந்துற பையனுக்குத் தலைவலி, வாந்தின்னு எதுனா வருதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓட்டைக்கு நேர் கீழே சைலன்ஸர் குழாய் போகிறது. அதுவும் துருப்பிடித்து விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஹைவேயில் லாரிப் புகைக்குப் பயந்து நாங்கள் கண்ணாடியை இறுக்கமாக ஏற்றிவிடுவோம். வெளிப் புகை வராமல் தடுத்துவிட்டு, எங்கள் சொந்தப் புகையைப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறோம்!

சாயந்திரமே எங்கள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றார். நம் ரத்தம் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்வதைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். முதலில் தலைவலி, வயிற்றைப் புரட்டல், தூக்கக் கலக்கம். அப்படியே பிரயாண வாந்தி மாதிரியே இருக்கும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஏறும். "காரை விட்டு இறங்கிக் காத்தாட இருந்தா சரியாகுது, ஏறினா மறுபடி வருதுன்னா, குழந்தையை மட்டும் பார்க்காதீங்க, காரையும் பாருங்க" என்றார். என் அம்மா வீட்டுத் திண்ணையில் அரைமணி உட்கார்ந்ததும் அவன் தெளிந்து விளையாடப் போவது ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் டிங்கர் அண்ணனிடம், "எங்கிட்ட இவ்வளவுதாண்ணே இருக்கு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் மொத்தமாக விலை சொல்லாமல் பிரித்துச் சொன்னார். தரையும், கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டையும், சீட் பெல்ட்டும் சக்கரமும் பிடிக்கிற இடங்களும் உயிர் சம்பந்தப்பட்டவை. அதில் பட்டி பூசக் கூடாது, கெட்டதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங்தான். கதவும் மட்கார்டும் அழகு சம்பந்தப்பட்டவை, பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். தகடும் வெல்டிங்கும் 8,500. சைலன்ஸர் குழாய் 2,200. பிரைமரும் அடிப்பக்கத்துக் கறுப்புப் பூச்சும் 2,500. ஆக 13,200. புதுப்பிக்கும் கட்டணத்துக்கு 5,000 போக, பசுமை வரிக்கும் மிச்சம் இருந்தது.

மூன்று நாள் வேலை. நான் சாப்பாட்டுக் கூடையோடு இரண்டு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். (பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை தனி சுத்தம்தான், தையல்காரரிடம் நாம் செய்வதில்லையா?) முதலில் சீட், கம்பளம், பஞ்சு விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். பாட்டரி இணைப்பைக் கழற்றினார். தண்ணீர் வாளியும் மணல் வாளியும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெட்ரோல் போகிற குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் நெருப்பையே தொட்டார்.

அந்தக் காலத்தில் திருவள்ளூர் அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-லிருந்து லான்சர் கார் செய்ததே, அதுபோன்ற தொழிற்சாலைகளில் முழுக் கூட்டையும் பஜ்ஜியை மாவில் முக்கியெடுப்பது போல் துருத் தடுப்புத் தொட்டியில் முக்கியெடுப்பார்களாம். "நாம வெல்டிங் வெச்சா அந்தப் பூச்சு எரிஞ்சு பூடும். அதனால மேல மட்டும் பெயிண்ட் அடிச்சா பத்தாது. ஒட்டின எடத்துல உள்பக்கமும் அடிபக்கமும் பூசணும்" என்றார். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தானாம்.

துருவைச் சுரண்டிய இடத்தில் ஏதோ தண்ணீர் மாதிரி பூசினார். சிவப்பெல்லாம் கறுப்பாக மாறிவிட்டது. நான் கடுக்காய்த் தண்ணீரோ என்று கேட்டேன். சிரித்தார். கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும், காளஹஸ்தி கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதே அப்படித்தான். கடைகளில் விற்கும் துரு மாற்றிகளில் சிலவற்றில் அதே துவர்ப்புச் சத்து, சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். அதற்காக வீட்டில் கடுக்காயைக் காய்ச்சிக் காரில் ஊற்றிவிடாதீர்கள்! ஓட்டை விழுந்த தகட்டுக்கு எந்த மருந்தும் கிடையாது.

கடைசியாக அவர் ஒரு கம்பியால் கதவுகளின் அடி விளிம்பைக் குத்திவிட்டார். தண்ணீர் வடிய அங்கே சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. எங்கள் காரில் எல்லாம் மண் அடைத்திருந்தது. குத்தியதும் கலங்கல் தண்ணீர் அரை டம்ளர் கொட்டியது. இப்போது அந்த வேலை என்னுடையது. மாதம் ஒருமுறை கொண்டை ஊசியால் குத்திவிடுகிறேன். மழையில் போய் வந்தால் ரப்பர் விரிப்பைத் தூக்கி, கம்பளத்தைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். பழவேற்காட்டுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் கழுவுகிறோம்.

கதவுக்கு மட்டும் பெயிண்ட் இவரே அடித்தார், டப்பா வாங்கிப் பிரஷ்ஷால். பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி அந்த வெள்ளை தனியாகத் தெரிகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்கென்று திருவள்ளூர் போனோம். முதல் தடவை என்பதால் கண்ணாடியைப் பாதி இறக்கியே வைத்திருந்தேன். பழக்க தோஷம், எலுமிச்சம்பழமும் கையில் இருந்தது. பெரியபாளையம் தாண்டியது. வெங்கல் தாண்டியது. பின்னால் சத்தமே இல்லையே என்று பயந்து திரும்பிப் பார்த்தால், அண்ணனோடு அந்தாட்சரி!

"பாத்தியா, வயசானா தானா சரியாயிடும்னு சொன்னேன்ல" என்றாள் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் அன்றைக்கு ரசத்துக்குப் போயிற்று.