மினசோட்டா மடல்: காட்டேரி ராணியும் கோடிப் பூனைகளும்

பேய் பிசாசுகளோடு காதல் நடக்கும் வேடிக்கை நாவல்களும் குழந்தைகளுக்கான பழைய படப் புத்தகங்களும் அமெரிக்க நூலகங்களில் எதிரெதிர் மூலைகளில் இருப்பவை. முன்னதைப் படிப்பவர்கள் பேருந்தில் அட்டையை மறைத்துக்கொள்வார்கள். பின்னதன் வாசகருக்கு இன்னும் எழுத்தே தெரியாது. மடியில் உட்கார்ந்து கேட்பதோடு சரி. கனமான இலக்கியம் பேசுகிற சபைகளில் இரண்டுக்குமே நாற்காலி கிடைப்பதில்லை. ஆனாலும் இரண்டும் பார்ப்பது ஏறக்குறைய ஒரே வேலை: பயப்பட வேண்டியதை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சிரிப்புக் காட்டுவது. கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலத்தில் இரண்டுக்கும் ஆளுக்கொரு நல்ல உதாரணம் உண்டு.

நாவல் பக்கத்தில் வழி திறந்துவிட்டது 2001-இல் வந்த சார்லெய்ன் ஹாரிஸின் 'டெட் அன்டில் டார்க்'. ஜப்பானில் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் ரத்தக் காட்டேரிகள் ஒளிந்து வாழ்வதை விட்டு ஊருக்குள் வந்துவிடுகின்றன. லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மதுக்கடைப் பணிப்பெண் ஒருத்திக்கு அடுத்தவர் மனத்தில் ஓடுவதெல்லாம் காதில் விழுந்து தொலைக்கிறது. காட்டேரியின் மனம் மட்டும் கேட்பதில்லை. அந்த நிசப்தத்துக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. பாதிக்குப் பாதி இது துப்பறியும் கதைதான். அடுத்து வந்தவர்கள் துப்பறிவதைக் குறைத்துக் கேலியைக் கூட்டினார்கள். கெரலின் ஸ்பார்க்ஸ் 2005-இல் எழுதிய நாவலில் காட்டேரி நாயகனின் கோரைப்பல் விழுந்துவிடுகிறது. அதைத் திரும்பப் பொருத்த வேண்டிய பல் மருத்துவருக்கோ ரத்தம் என்றாலே நடுக்கம். அப்புறம் காதல் வராமல் என்ன செய்யும்?

மினசோட்டாவின் பங்கு, 2004-இல் வெளியான மேரிஜானிஸ் டேவிட்சனின் 'அன்டெட் அண்ட் அன்வெட்'. பெட்ஸி டெய்லர் என்ற பெண் தன் முப்பதாவது பிறந்தநாளில் வேலையையும் இழந்து, கார் மோதி உயிரையும் விடுகிறாள். இறுதிச் சடங்கு நிலையத்தில் கண் விழிக்கிறாள். செத்துப்போனதைவிட அவளுக்குப் பெரிய அதிர்ச்சி, தன் காலில் யாரோ மலிவான செருப்பை மாட்டிவிட்டது. சிலுவையும் புனித நீரும் அவளை ஒன்றும் செய்வதில்லை. நீதான் எங்கள் ராணி என்று மற்றக் காட்டேரிகள் சூழ்ந்துகொள்ள, எனக்கெதற்கு இந்தப் பதவி என்று அவள் முரண்டு பிடிக்கிறாள். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் மலைக்கோட்டையில் குடிவைத்த டிராகுலாவின் வம்சம், மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரில் வேலைவெட்டி இல்லாமல், மாற்றாந்தாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு அலைகிறது. சிரிப்பு வருவது அங்கேதான். சாகாவரமே இருந்தாலும் சில்லறைத் தொல்லைகள் ஓய்வதில்லை.

இந்த வகையின் சட்டம் எளியது. 1980-இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே நிபந்தனை வைத்தது: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். ஆக, யார் யாரைச் சேர்வார் என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். எப்படிச் சேர்வார்கள் என்பதற்காகத்தான் படிப்பது. தொடர்களாக நீள்வது இவ்வகையின் பெரிய நோய். பெட்ஸியின் கதை 2016 வரை இழுத்தது. முதல் நூலின் துடுக்கு பின்னால் வந்தவற்றில் தேய்ந்துகொண்டே போகிறது. முதல் நூலோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டமில்லை.

படப் புத்தகத்தின் கதை இன்னும் பழையது, இன்னும் நுட்பமானது. வாண்டா காக் 1893-இல் மினசோட்டாவின் நியூ உல்ம் என்ற ஜெர்மானியர் ஊரில் பிறந்தார். அப்பா ஓவியர். ஏழு பிள்ளைகளில் வாண்டாதான் மூத்தவர். அவருக்கு 15 வயதாகும்போது அப்பா இறந்துவிட, படம் வரைந்து விற்றுத் தங்கைகளையும் தம்பியையும் தாங்கினார். 1928-இல் வந்த அவருடைய 'மில்லியன்ஸ் ஆஃப் கேட்ஸ்', இன்றும் அச்சில் இருக்கும் அமெரிக்கப் படப் புத்தகங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

தனிமையில் வாடும் கிழவிக்குத் துணையாக ஒரு பூனை தேடிக் கிழவர் புறப்படுகிறார். மலை முழுக்கப் பூனைகள். எதை விடுவதென்று தெரியாமல் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். வழியில் அவை குடித்துக் குளம் வற்றுகிறது. மேய்ந்து குன்று மொட்டையாகிறது. உங்களில் யார் அழகு என்று கேட்டதும் சண்டை மூண்டு ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. நான் அழகு என்று சொல்லத் துணியாத நோஞ்சான் குட்டி ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. பெரியவர்கள் யோசித்துப் பார்த்தால் இது கொடூரமான கதை. குழந்தைகள் கெக்கலித்துச் சிரிக்கிறார்கள்.

பயம் இங்கே கோட்டில் கரைகிறது. எல்லாம் கறுப்பு மை. குன்றும் மேகமும் உருண்டு வளைந்து, பூனையின் முதுகு போலவே இருக்கும். ஒரே படத்தை எதிரெதிர் இரண்டு பக்கங்களிலும் ஓடவிட்டதால் கிழவர் பக்கத்தின் மடிப்பைத் தாண்டி நடக்கிறார். அன்றைக்கு இது புதுமை. எழுத்தையும் அச்சுக் கோக்கவில்லை. தம்பி ஹோவர்ட் கையால் எழுதிக் கொடுத்தார். 1929-இல் இதற்குக் குழந்தை நூல்களுக்கான நியூபெரி கௌரவம் கிடைத்தது. படப் புத்தகத்துக்கென்றே கால்டெகாட் பதக்கம் முதலில் வழங்கப்பட்டது 1938-இல்தான்.

மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' இந்த வழியின் உச்சம். சொற்கள் 350-ஐத் தாண்டாது. சிறுவன் மாக்ஸின் கோபம் வளர வளரப் படம் பக்கத்தை விழுங்கிக்கொண்டே போய், நடுவில் மூன்று முழு விரிப்புகளில் சொல்லே இல்லாமல் போகிறது. புரூக்ளினில் தம் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய அத்தை மாமாக்கள்தான் அந்தப் பூதங்கள் என்றார் செண்டாக். பூதத்தைச் சொந்தக்காரராக்கியது அவர் செய்த காரியம். காட்டேரியைக் காதலனாக்கியது நாவல்காரர்கள் செய்தது. இரண்டிலும் முடிவு தெரிந்த வாசகர்தான் நிம்மதியாகப் பயப்படுகிறார். நாற்பதாவது முறை அதே புத்தகத்தை நீட்டும் குழந்தைக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கெர்லன் தொகுப்பு, குழந்தை இலக்கியக் கையெழுத்துப் படிகளையும் மூல ஓவியங்களையும் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்த அறைகளில் பாதுகாக்கிறது. வாண்டா காக் தாள்களும் அங்கே இருக்கின்றன.

காக் 1946-இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி அவருடைய படைப்புகள் 2007 முதல் பொதுவுடைமை. 1928-ஆம் ஆண்டு நூல்கள் அமெரிக்காவிலும் 2024 ஜனவரி 1-இல் பொதுவுடைமையாகிவிட்டன. 'மில்லியன்ஸ் ஆஃப் கேட்ஸ்' வண்ணம் இல்லாத நூல், அச்சுச் செலவும் அதிகமில்லை. தமிழ்ப் பதிப்பாளர் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால், எழுத்தைக் கணினி எழுத்துருவில் கொட்டிவிடாமல் நல்ல ஓவியர் ஒருவரைக் கையால் எழுதச் சொல்ல வேண்டும்.