32-ஆவது நொடியில் அறுபடும் பேச்சு

திண்டுக்கல்லை விட்டு வேடசந்தூர்ப் பக்கம் போனால் வரிசையாக நூற்பாலைகள். அவற்றின் அலுவலக மூலையில், யுபிஎஸ்ஸுக்கும் சிசிடிவி பெட்டிக்கும் நடுவே, ஒரு சிறிய கணினி ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருந்த இடத்துக்கு வந்திருக்கும் இணையத் தொலைபேசி சர்வர் அது. பல இடங்களில் ஆஸ்டெரிஸ்க்தான். 1999-இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருள். அதைப் பழுதுபார்க்க வரும் இளைஞர்கள் கேமரா மாட்டுவார்கள், கைரேகை வருகைக் கருவி பொருத்துவார்கள், கேபிள் இழுப்பார்கள், இடையில் இதையும் கவனிப்பார்கள். நகரத்து மருத்துவமனை, கல்லூரி, சுற்றுவட்டாரத்து ஆலை என்று அவர்கள் வேலை செய்யும் இடங்களைப் பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. கோளாறு விட்டுப்போன தடயத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர். அந்தத் தடயத்தை முதலில் அழிப்பது, எல்லாரும் முதலில் செய்கிற ரீஸ்டார்ட்.

ஏன் என்று சொல்ல, ஓர் அழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும். கூப்பிடுவது, மணியடிப்பது, எடுப்பது, வைப்பது ஆகிய பேரம் முழுவதும் சிப் என்ற நெறியில் ஒரு வழியாகப் போகிறது. குரல் வேறொரு வழியாகப் போகிறது. ஒரு வழி திறந்திருந்து மற்றது அடைபட்டிருந்தால் விசித்திரமான புகார்கள் வரும். ‘பேசிட்டே இருக்கும்போது கட் ஆகுது’ என்பது மிகப் பொதுவான புகார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘எத்தனாவது நொடியில்?’ என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தை ஒட்டி என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. எதிர்முனை எடுத்ததும் 200 என்ற எண்ணோடு ஒரு பதில் கிளம்பும். அது கிடைத்ததற்கு ஒப்புதல் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அந்த முனை அதே பதிலை அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று இடைவெளி கூட்டித் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, 32 நொடியில் அழைப்பை முறித்துவிடும். அரை நொடியின் 64 மடங்கு அது. 2002-இல் வெளியான நெறிமுறை ஆவணத்திலேயே உள்ள கணக்கு. கால் மணி, அரை மணி என்று அறுந்தால் காரணம் வேறு: ‘இன்னும் பேசுகிறீர்களா’ என்று இடையில் நடக்கும் புதுப்பிப்பு தோற்றிருக்கிறது. நேரம் ஒழுங்கில்லாமல் அறுந்தால்தான் கம்பியையும் மின்சாரத்தையும் சந்தேகிக்கவேண்டும்.

‘நாங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எங்களுக்குக் கேக்கலை’ என்பது இன்னொரு புகார். குரலை எந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்பதைப் பேரத்தின்போதே சர்வர் எழுதிக் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை அது எழுதிக் கொடுத்திருந்தால், வெளியில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சேர்வார்? ரவுட்டரில் இதைச் சரிசெய்கிறேன் என்று ஒரு வசதி இருக்கும். சிப் ஏஎல்ஜி என்பார்கள். அது திருத்துவதை விடக் குழப்புவதே அதிகம் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் அணைக்கிறார்கள். வெளியழைப்புகளைக் கொண்டுவரும் ட்ரங்க் இணைப்புக்கெனத் தனிக் கம்பி வரும் இடங்களில் சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருக்கும். ஒன்றில் வந்த குரலுக்குப் பதில் மற்றதன் வழியாகப் போய்த் தொலைந்துபோவதும் உண்டு. நகர அலுவலகத்துப் போன்கள் ஆலையில் இருக்கும் சர்வரோடு சேர்ந்திருக்கும்போது வேறொரு வேடிக்கை. ஒரு கருவியில் கடவுச்சொல் தவறாக இருந்தால், சர்வரின் காவல் நிரல் அதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி அது வரும் முகவரியையே தடுத்துவிடும். அலுவலகம் முழுவதற்கும் வெளிமுகவரி ஒன்றுதான். எல்லாப் போனும் சேர்ந்து ஊமையாகும். காவலை எடுத்துவிடவும் முடியாது. சிப் பேரம் நடக்கும் 5060 என்ற வாசலைத் திறந்து வைத்தால் உலகின் ஏதோ மூலையிலிருந்து யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவர்கள் சர்வரின் பதிவேட்டில் 401 என்ற எண்ணைக் கண்டதும் கடவுச்சொல் தவறு என்று முடிவு கட்டுகிறார்கள். முதல் முயற்சிக்கு 401 வருவது இயல்பு, ‘யார் நீ?’ என்ற கேள்வி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு 200 வருகிறதா என்பதே விஷயம்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே என்று ஆலை மேலாளர்கள் கேட்பார்கள். திருப்பூரிலிருந்து நூலுக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம் என்பது நியாயமான பேச்சு. சரியாவதும் உண்மை. உதாரணத்துக்கு, போன் சும்மா இருந்தால் ரவுட்டர் தான் திறந்து வைத்த வழியைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். வெளியே பேச முடியும், உள்ளே அழைப்பு வராது. மறுபதிவு நடக்கும்போது வழி மீண்டும் திறக்கிறது. போன் மறுபடி சும்மா இருந்தால் மூடுவதும் மீண்டும் நடக்கிறது. நாளைக்கும் அதே புகார் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் போனைத் தொட்டுப் பார்க்கும்படி அமைத்தால் தீர்ந்துபோகிற சங்கதி இது. அதைக் கண்டுபிடிக்க, ரீஸ்டார்ட்டுக்கு முன், நெட்வொர்க்கில் போவதைப் பதிவுசெய்யும் எஸ்என்கிரெப்பையோ டிசிபிடம்பையோ இரண்டு நிமிடம் ஓடவிட்டு, தோற்கும் ஓர் அழைப்பைப் பிடித்து வைத்தால் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க மறுப்பது சிக்கனம் ஆகாது.

‘நெட் ஸ்பீடு பத்தலை’ என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஆனாலும் இதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். கேமராப் பதிவுகள் அதே இணைப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்தால் குரல் துண்டு துண்டாகும். அப்போது வேண்டியது குரலுக்கு முன்னுரிமை. அதிக விலைத் திட்டம் வாங்கித் தந்தாலும் கேமரா அதையும் தின்றுவிடும்.

சர்வரே எதற்கு, கிளவுடுக்கு மாறிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. போன்கள் அதே ரவுட்டருக்குப் பின்னால்தான் இருக்கப்போகின்றன. மேலே சொன்ன கோளாறுகளில் பாதி கூடவே வரும். சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால், ஸ்பின்னிங்கிலிருந்து கோடவுனுக்குப் பேசும் உள்ளழைப்புகூட நின்றுபோகும். சர்வர் ஆலைக்குள் இருந்தால் அந்த அழைப்பு ஓடும். ஓர் அறை, நான்கு போன் உள்ள அலுவலகத்துக்குக் கிளவுடு நல்லதுதான்.

எனக்குத் தெரிந்த பெரிய தடை தொழில்நுட்பத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருபவர் ஒரு பொருளை மாற்றினால் வேலை செய்ததாகக் கணக்கு. அமைப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டுப் போனால் ‘என்ன பண்ணினான், சும்மா தட்டிட்டுப் போனான்’ என்கிறார்கள். அதனால் நல்ல ரவுட்டரும் மாறுகிறது, நல்ல போனும் மாறுகிறது. ஆபரேட்டர் மேசையில் ஒரு நோட்டு போட்டு, எத்தனை மணிக்கு, எத்தனாவது நொடியில், எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுதி வைத்தால், வருகிறவர் எதையும் கழற்றாமலே போய்விடும் நாட்கள் கூடும். அந்த வருகைக்கும் முழுப் பணம் கொடுக்க ஆலைகள் ஒத்துக்கொள்ளவேண்டும்.