பாலையில் ஓரிரவு

பாலை என்றவுடன் தமிழ் பயில்வோர்க்கு வேனிலும் நண்பகலுமே நினைவில் எழும். பின்பனியும் அதற்கு உரித்தென்று தொல்காப்பியனார் கூறியதை யாம் தேர்வுக்காகப் படித்தோமேயன்றி அதன் உண்மையை உணர்ந்தோமில்லை. 2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், நண்பர் இருவருடன் இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைக்குச் சென்றபோது, முன்பனியிலேயே பற்கள் கிட்டின.

ஜெய்சல்மேருக்கு மேற்கே, சாம் என்னும் சிற்றூரின் அருகில், 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைத் தேசியப் பூங்கா உள்ளது. எங்கும் மணற்குன்றுகளே இருக்குமென எண்ணினோம். கண்டவையோ பெரும்பாலும் கற்பாங்கான நிலமும் வெளிறிய புல்வெளியுமே. சிங்காரா மான்கள் எம்மை நோக்கி நின்று, பின் மறைந்தன. நரியொன்று தன் வளையருகே வெயில் காய்ந்திருந்தது.

மாலையில், யாம் தேடிச் சென்ற கானமயிலைக் கண்டோம். வெண்கழுத்தும் கருங்கொண்டையும் கொண்டு, அரசரைப்போல் அது புல்லிடையே நடந்தது. ஆண்பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. பெட்டை ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டையைத் தரையில் இடும். இன்று உலகில் எஞ்சியவை 200-க்கும் குறைவு. கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தமையால், பறக்குங்கால் எதிரேயுள்ள மின்கம்பியை அது எளிதிற் காணாது, கண்டபோதும் அப்பேருடலைச் சட்டெனத் திருப்ப இயலாது, மோதி மடியும். இதனை எம் வழிகாட்டியாகிய முதியவர் சொல்லக் கேட்டு, “இவ்வளவு பெரிய கம்பி தெரியாதா?” என்று யாம் வியந்தோம்.

அன்றிரவு நிலவில்லை. சிற்றூரின் புறத்தே முக்காலியை நாட்டிக் காமிராவைப் பொருத்தினோம். வியாழன் ரோகிணிக்கு அருகே ஒளிர்ந்தது. அதன் கீழே மிருகசீரிடமும் செந்நிறத் திருவாதிரையும் விளங்கின. 20 விநாடி காமிராவின் கண்ணைத் திறந்து வைத்தோம். அதனினும் நெடிது திறந்தால், புவியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடாக நீண்டுவிடும். மந்தை காத்த மேய்ப்பரை நினைந்து, விரல் மரத்துப்போகும் வரை அங்கேயே நின்றோம்.

அறைக்குத் திரும்பிப் படத்தைப் பார்த்தோம். அந்தோ! அடிவானத்தின் மங்கிய ஒளியின்மேல் ஐந்தாறு கருங்கோடுகள் குறுக்கே ஓடின. அவை மின்கம்பிகள். இரண்டு மணி நேரம் அவற்றின் எதிரே நின்றும் யாம் அவற்றைக் கண்டோமில்லை! மாலையில் பறவையின் பார்வையைக் குறைத்துப் பேசிய எமக்கு நாணம் உண்டாயிற்று.

கல்லூரிப் புகைப்படப் போட்டிக்கு அப்படத்தை அனுப்ப எண்ணியிருந்தோம். “கம்பிகளைக் கணினியில் அழித்துவிடலாமே! பரிசு நமக்கே” என்றார் நண்பர். பரிசின் ஆசை எமக்கும் இருந்தது. இரண்டு நாள் தடுமாறினோம். அக்கம்பிகள் தாங்கி வருவது காற்றாலும் கதிரவனாலும் பிறக்கும் நல்ல மின்சாரம்; எம் காமிராவுக்கு உயிரூட்டியதும் மின்சாரமே. ஆதலின் பிறரைப் பழிக்கவும் வாய் எழவில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் அங்குள்ள கம்பிகளை மண்ணுள் பதிக்க ஆணையிட்டது. 2024-இல் அவ்வாணையைத் திருத்தி, எங்கெங்கே பதித்தல் கூடுமென ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. வல்லோரும் எளிதில் தீர்க்கவியலாத சிக்கலை, யாம் ஒரு விரலசைவில் படத்தினின்று நீக்குவது பொய்யாகுமன்றோ?

கம்பிகளோடே படத்தை அனுப்பினோம். பரிசு கிட்டவில்லை. “வானம் அழகு, கம்பிதான் கெடுத்தது” என்றார் நடுவர். ஆம் என்றே விடையிறுத்தோம். இப்பொழுது அப்படம் எம் விடுதியறையில், விளக்கின் பொத்தானுக்கு மேலே தொங்குகின்றது. காண விரும்பும் தோழர் வருக.