பார்க்ஸ் சமவெளியில் கிரகண நிலவின் மறைவு

2019 ஜூலை 17 அன்று நிகழ்ந்த பகுதிச் சந்திர கிரகணம் இந்தியாவின் பெரும்பகுதியில் தொடக்கம் முதல் முடிவு வரை காணக்கிடைக்க, கிழக்கு ஆஸ்திரேலியாவிலோ பிடித்த நிலையிலேயே நிலவு மறைவதாக, அதாவது பஞ்சாங்கம் கிரஸ்தாஸ்தமனம் என்று குறிக்கும் வகையினதாக அமைந்தது. உச்சத்திலும் நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை மட்டுமே நிழல் மூடும் இத்தகைய நிகழ்வுகளை, முழுக் கிரகணம் தேடிக் கடல் கடக்கும் பயணிகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனினும் நிலவு மறையும் வேளையில் காண்பதற்குப் பகுதிக் கிரகணமே மேலானது; ஏனெனில் முழுதும் நிழலுக்குள் சென்ற நிலவு தன் மங்கிய செம்மையோடு விடியல் வெளிச்சத்தில் கரைந்துவிட, பகுதிக் கிரகணத்தில் எஞ்சும் ஒளித்துண்டோ அடிவானம் வரை கண்ணுக்குத் தப்புவதில்லை.

இதற்கு வேண்டிய தடையற்ற மேற்கு அடிவானம், சிட்னியிலிருந்து நீலமலைகளைக் கடந்து சாலைவழி சுமார் 350 கி.மீ. செல்வோருக்குப் பார்க்ஸ் நகரை ஒட்டிய கோதுமை வயல்வெளிகளில் வாய்க்கிறது. அப்போலோ 11 பயணத்தின்போது மனிதர் நிலவில் நடந்த காட்சியைப் பெற்று அனுப்பிய 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி இங்குதான் உள்ளது; அவ்விண்கலம் ஏவப்பட்டு 50 ஆண்டு நிறைந்த சில மணி நேரத்திலேயே இக்கிரகணம் தொடங்கியது என்பது திட்டமிடாத பொருத்தம்.

சூரிய ஒளி ஓரளவு மட்டும் தடைபடும் புறநிழலுக்குள் நிலவு முன்பே நுழைந்திருந்தாலும், வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம், நேரடி ஒளி முற்றிலும் தடைபடும் கருநிழல் உள்ளூர் நேரப்படி காலை 6.02 மணிக்கு அதன் விளிம்பைத் தொட்ட பிறகே ஏற்படக்கூடியது. கதிர் எழுமுன் மேற்கு அடிவானத்தை ஒட்டிப் படரும் நீலச் சாம்பல் பட்டையும், அதற்கு மேலே வீனஸ் கச்சை எனப்படும் இளஞ்சிவப்பு வரம்பும் குளிர்கால விடியலில் துலக்கமாகத் தெரிபவை. அந்தச் சாம்பல் பட்டை காற்றின் மீது விழும் பூமியின் நிழல். நிலவை வலப்புறத்திலிருந்து மூடுவதும் அதே நிழல்தான். அருகிலுள்ள காற்றிலும் ஏறத்தாழ நான்கு லட்சம் கி.மீ. அப்பாலுள்ள நிலவிலும் ஒரே நிழலை ஒரே திசையில் காணும் இவ்வாய்ப்பு, நள்ளிரவில் உச்சிவானில் நிகழும் எந்தக் கிரகணத்துக்கும் இல்லை.

சூரியனும் நிலவும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றாலொழியக் கிரகணம் நிகழாது என்பதால், இரண்டையும் ஒருசேர அடிவானத்துக்கு மேலே காண்பது இயலாததுபோல் தோன்றும். ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிட்டுள்ள இந்நிகழ்வை நம்பத் தயங்கிய கிரேக்க ஆசிரியர் கிளியோமிடீஸ், ஒளி காற்றில் வளைவதால் அது நேரக்கூடும் என்ற விளக்கத்தையும் எழுதிவைத்தார். அவ்விளக்கமே சரியானது: அடிவானத்தருகே ஒளிவிலகல் சூரியனையும் நிலவையும் அரைப் பாகைக்குச் சற்று மிகையாக உயர்த்திக் காட்டுகிறது. மேலும் அன்று நிலவு நிழலின் மையத்துக்குத் தெற்கே கடந்ததால், தென்கோளத்தில் அதன் மறைவு சற்றே தாமதப்பட்டது. ஆகவே பார்க்ஸில் சூரியன் எழுந்த பின்னும், விட்டத்தில் பாதிக்கு மேல் நிழல் படிந்த நிலவு சில நிமிடங்கள் எதிர்த்திசையில் நின்றது. காலை 7.31 மணிக்கு நேர்ந்த கிரகண உச்சத்தின்போது அங்கே நிலவு மறைந்துவிட்டிருக்க, இந்தியாவில் அப்போது மணி அதிகாலை மூன்று.