உராய்வு விசை 50 நியூட்டனா, 20 நியூட்டனா?

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் பிளஸ் டூ படித்தவர். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். "சார், பையன் காமர்ஸ் குரூப்புக்கு மாறணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். பிசிக்ஸ் எனக்கு வராதுங்கிறான். நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்களேன்" என்றார். பிளஸ் ஒன் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன வந்தது என்று கேட்டேன். டியூஷன் சென்டர் ஒன்றில் வாராவாரம் தேர்வு வைக்கிறார்களாம். ஒரு கணக்குக்குப் பையன் எழுதிய விடையை அடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் "ஃபார்முலாவே தெரியல, நீயெல்லாம் எதுக்கு இந்த குரூப்புக்கு வந்தே" என்று கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலமே அனுப்பி வைக்கச் சொன்னேன். வந்தான். கேள்வித்தாளையும் கொண்டுவந்தான்.

கணக்கு இதுதான். 10 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி சமதளத் தரையில் இருக்கிறது. தரைக்கும் பெட்டிக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. பெட்டியை 20 நியூட்டன் விசையால் கிடைமட்டமாகத் தள்ளினால், அதன் மேல் செயல்படும் உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

பையன் 20 நியூட்டன் என்று எழுதியிருக்கிறான். அவர்கள் கொடுத்த விடை 50 நியூட்டன். குணகம் பெருக்கல் நிறை பெருக்கல் முடுக்கம், 0.5 × 10 × 10, ஐம்பது. முடிந்தது கதை.

நண்பர்களே, பையன் எழுதியதுதான் சரி. அறிவியல் படிக்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம், ஒரு நிமிஷம் பொறுங்கள். நீங்கள் பெட்டியை 20 நியூட்டனால் முன்னோக்கித் தள்ளுகிறீர்கள். தரை அதை 50 நியூட்டனால் பின்னோக்கித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 30 நியூட்டன், உங்களை நோக்கி. 10 கிலோ பெட்டி நொடிக்கு நொடி 3 மீட்டர் வேகம் கூடிக்கொண்டே வந்து உங்கள் முழங்காலில் இடிக்க வேண்டும். வீட்டில் பீரோ நகர்த்தியவர்கள் யாராவது இப்படி அடி வாங்கியதுண்டா?

அந்த 50 என்பது உச்சவரம்பு. தரையால் அதிகபட்சம் அவ்வளவு தாக்குப்பிடிக்க முடியும். நீங்கள் 5 கொடுத்தால் தரை 5 கொடுக்கும், 20 கொடுத்தால் 20, 49 கொடுத்தால் 49. ஐம்பதைத் தாண்டினால் பெட்டி வழுக்கத் தொடங்கும். நாம் எதுவும் கொடுக்காதபோது உராய்வும் இல்லை. ஓய்வுநிலை உராய்வின் குணமே இதுதான், கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும். பதினோராம் வகுப்புப் பாடநூலின் 'இயக்க விதிகள்' அலகில் இது தெளிவாகவே இருக்கிறது. படிக்கத்தான் நேரமில்லை, பெட்டிக்குள் போட்டிருக்கும் ஃபார்முலாவை மட்டும் மஞ்சள் பேனாவால் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

"எப்படிடா 20 போட்டே?" என்று பையனைக் கேட்டேன். "பெட்டி நகரலன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தானே சார் இருக்கணும்" என்றான். குரலில் பயம். சரியான விடையைச் சொல்லிவிட்டு இப்படிப் பயப்படும் பிள்ளையைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை.

விடை சரி என்று நான் வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. அங்கே ஒரு சார் தவறு என்கிறார், இங்கே ஒரு சார் சரி என்கிறார். பையன் யாரை நம்புவான்? கொல்லையில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். மீன் நிறுக்கும் கொக்கி வைத்த சுருள்வில் தராசு ஒன்று என்னிடம் உண்டு. நிறுத்தோம், ஏறக்குறைய 3 கிலோ. செங்கல்லுக்குச் சணல் கட்டி, சிமெண்ட் தரையில் வைத்து, தராசைக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல இழுக்கச் சொன்னேன். அரை கிலோ காட்டியது, செங்கல் அசையவில்லை. ஒரு கிலோ, அசையவில்லை. ஒன்றரை, இல்லை. 1.8 பக்கம் வந்ததும் விருட்டென்று நகர்ந்தது. சீராக இழுத்துக்கொண்டே போனபோது முள் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. தரை, அசையாத ஒவ்வொரு தடவையும் முள் காட்டிய அளவுதான் எதிர்த்துப் பிடித்திருக்கிறது. 1.8ஐ 3ஆல் வகுத்தால் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.6. ஒன்றரையை 3ஆல் வகுத்தால் இயக்க உராய்வுக் குணகம் 0.5. இரண்டுமே கிலோ கணக்கு என்பதால் நியூட்டனாக மாற்றும் வேலைகூட இல்லை.

பிறகு நான் சொல்லாமலே அவன் இன்னொரு செங்கல்லை மேலே அடுக்கினான். 3.6 பக்கம் வந்தது. அடுத்து, ஒற்றைச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தான். தரையைத் தொடும் பரப்பு குறைந்துவிட்டதே, உராய்வும் குறையும் என்று எதிர்பார்த்தான். மறுபடி அதே 1.8 பக்கம்தான். முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் இதே முடிவை 1699இல் அறிவித்தபோது அங்கிருந்த அறிஞர்களுக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. நியூட்டனின் பிரின்சிப்பியா வெளிவந்தது 1687. வானத்துக் கோள்களுக்குக் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தரையில் இழுக்கும் பெட்டிக்கு விதி எழுதினார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

காலாண்டுத் தேர்வு வரை குரூப் மாற்றுவதில்லை என்று அப்பாவும் பிள்ளையும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் நான் தலையிடவில்லை. காமர்ஸ் ஒன்றும் மட்டமான படிப்பில்லை. விரும்பிப் போனால் நல்லது, விரட்டப்பட்டுப் போகக் கூடாது.

இந்த வகைக் கணக்குகளில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் மூன்று நான்குதான் என்பது என் அனுபவம். எண்களைப் பார்த்ததும் பெருக்கத் தொடங்குவது முதலாவது. படம் போடு என்பேன். பொருளை மட்டும் தனியாக ஒரு புள்ளியாக வரை. அதன் மேல் என்னென்ன விசை, ஒவ்வொன்றையும் தருவது யார் என்று எழுது. தருகிறவர் பெயர் சொல்ல முடியாத விசையை அடித்துவிடு. பாதிப் பேருடைய படத்தில் 'இயக்க விசை' என்று ஒரு அம்பு முன்னோக்கிப் போகும். யார் தருவது என்று கேட்டால் விழிப்பார்கள். அடித்துவிட்டாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொன்று, செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற நினைப்பு. மேலே சொன்ன 10 கிலோ பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால், நம் கையும் சேர்ந்து அதைத் தரையில் அழுத்துகிறது. நகர்த்த ஏறக்குறைய 81 நியூட்டன் வேண்டும். கயிறு கட்டி அதே 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் 45 போதும். நேராக இழுத்தால் ஆகும் 50ஐ விடவும் குறைவு. நெல் மூட்டையைக் குனிந்து தள்ளுகிறவரையும் காதைப் பிடித்துத் தூக்கினாற்போல் இழுக்கிறவரையும் களத்தில் பார்த்தவர்களுக்கு இதற்குச் சைன், காஸ் தேவையில்லை.

திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் பாடம் தொடங்குவது ஆழித்தேரில். அலங்காரம் எல்லாம் சேர்த்து 300 டன் என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தும், நிலையிலிருந்து கிளப்பப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ள வேண்டியிருக்கிறது. கிளம்பிய பிறகு அவ்வளவு பாடில்லை. தேரை நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில். ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி, உராய்வை வேண்டிய பக்கம் வேண்டிய அளவு கூட்டுகிறார்கள். ஒரு பக்கம் கூடினால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். இப்போது ஹைட்ராலிக் பிரேக் இருந்தாலும் கட்டை இல்லாமல் தேர் ஓடுவதில்லை. 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். தேர்க் கட்டை போடுகிறவர் இல்லையென்றால் முன்னால் வடம் பிடிப்பவர்கள் கதி என்ன?

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பிளஸ் டூ முடித்ததும் பைக் கேட்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் படித்துக் காட்டுங்கள். பணியில் இருந்த காலத்தில் என் மாணவர்கள் ஐந்து பேருக்கு நானே போய் மாலை போட்டிருக்கிறேன். நான்கு பேர் பைக்கில் போனவர்கள்.

கணக்கு இது. ஒரே சாலை, ஒரே மாதிரி இரண்டு பைக்குகள். ஒன்று 60 கிலோமீட்டர் வேகம், மற்றது 80. பக்கத்தில் பக்கத்தில் வரும்போது முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 60இல் வந்தவர் மாட்டுக்குச் சரியாக ஒரு விரல்கடைக்கு முன் நின்றுவிடுகிறார். 80இல் வந்தவர் அந்த இடத்துக்கு வரும்போது என்ன வேகத்தில் இருப்பார்?

வகுப்பில் கேட்டால் எல்லோரும் 20 என்பார்கள். எண்பதில் அறுபது போனால் இருபது. சரியான விடை 53. பிரேக் பிடிக்கும் தூரத்தில் குறைவது வேகத்தின் வர்க்கம். 80இன் வர்க்கம் 6400, 60இன் வர்க்கம் 3600, மிச்சம் 2800. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 53. இந்த விடையில் பைக்கின் நிறை இல்லை, உராய்வுக் குணகம் இல்லை, டயர் கம்பெனி பெயரும் இல்லை. எல்லாம் அடிபட்டுப் போய்விடும்.

இதிலும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். மாட்டைக் கண்டதும் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று சேர்த்தால், அந்த ஒரு நொடியில் 60இல் வருபவர் 17 மீட்டரும் 80இல் வருபவர் 22 மீட்டரும் ஓடிவிடுவார்கள். காய்ந்த தார்ச்சாலைக்குக் குணகம் 0.7 என்று வைத்துப் போட்டால், முதல் ஆள் மொத்தம் 36 மீட்டர் சொச்சத்தில் நிற்கிறார். இரண்டாம் ஆள் அதே இடத்தை 62 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறார். அதாவது முதல் ஆள் பிரேக்கைத் தொடுவதற்கு முன் வந்த வேகத்தை விடவும் அதிகம். மழை பெய்து குணகம் 0.4 ஆனால், 60இல் வருபவருக்கே பிரேக் தூரம் மட்டும் 20 மீட்டரிலிருந்து 35 ஆகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பையன் எப்போதும் எழுந்து, "சார், ஏபிஎஸ் இருந்தா?" என்பான். நல்ல கேள்வி. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் கிடைப்பது இயக்க உராய்வு. உருண்டுகொண்டே நின்றால் கிடைப்பது ஓய்வுநிலை உராய்வு. செங்கல்லில் பார்த்த அந்த 1.8க்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம். ஏபிஎஸ் 1.8 பக்கமே வைத்திருக்கப் பார்க்கிறது, ஹேண்டிலும் கைக்கு அடங்கும். வர்க்கத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 53 அப்படியே 53தான்.

வழக்கம்போல ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். சைக்கிளை மிதித்து வேகம் கூட்டும்போது தரை பின்சக்கரத்தின் மேல் தரும் உராய்வு எந்தத் திசையில் இருக்கும்? முன்சக்கரத்தின் மேல்? மிதிப்பதை நிறுத்தினால் இரண்டில் எது திசை மாறும்? படம் போட்டுவிட்டு விடை எழுதுங்கள். கூகுளைக் கேட்டு எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும், 34 வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான்.